வாசலுக்கு வந்த வரிக் கணக்கு

அடுப்பு மூட்ட யாருக்கும் மனம் வராத மழை நாள் என்று ஒன்று எல்லா வீட்டிலும் உண்டல்லவா? 2025-ம் வருஷத்து ஐப்பசியில் எங்கள் வீட்டில் அப்படி ஒரு நாள் வந்தது. குழந்தைகள் செல்போனைத் தட்டினார்கள். முக்கால் மணியில் வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். தலையிலிருந்து கால்வரை நீர் சொட்ட, முதுகில் பெரிய பெட்டியுடன் நின்ற வாலிபன் என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஸார், நீங்களா!" என்றான்.

பத்து வருஷத்துக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புப் படித்தவன். கணக்கில் எப்போதும் நல்ல மார்க் வாங்குவான். பிறகு ஒரு டிப்ளமோவும் படித்தான். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை பார்த்தான். அது முடிந்ததும் ஊர் திரும்பி, மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கிறான். துண்டைக் கொடுத்துத் துவட்டிக்கொள்ளச் சொன்னேன். போகும்போது, தயங்கித் தயங்கி, ஒரு கேள்வி கேட்டான்.

"ஸார், என்னிடம் வருமான வரி பிடித்திருக்கிறார்கள். வருமான வரி பணக்காரர்களுக்குத்தானே? ஆனால் பாங்கியில் போய்க் கடன் கேட்டால், 'உனக்கு வருமானமே இல்லையே!' என்கிறார்கள். இதில் எது ஸார் வாஸ்தவம்?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காகிதங்களை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். அந்த ஞாயிறு முழுவதும் அவனும் நானும் திண்ணையில் உட்கார்ந்து கண்டறிந்ததைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். நமது நேயர்களில் பலருடைய வீட்டுப் பிள்ளைகளும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். இல்லாவிட்டாலும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் நம் வாசலுக்குத் தினந்தோறும் வருகிறார்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்தக் கம்பெனிகள் இவர்களை வேலைக்காரர் என்றோ சிப்பந்தி என்றோ சொல்வதில்லை. 'டெலிவரி பார்ட்னர்', அதாவது கூட்டாளி, என்கின்றன. பங்குதாரர் என்று பெயர். ஆனால் லாபத்தில் பங்கு கிடையாது. விசித்திரமான கூட்டு! ஆனால் இது வெறும் மரியாதைக்காக வைத்த பெயர் அல்ல. சம்பளக்காரன் என்று ஒப்புக்கொண்டால் பிராவிடெண்டு பண்டு, லீவு, கிராஜுவிட்டி எல்லாம் பின்னால் வரும். சம்பளக்காரன் அல்ல என்பதால், வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் இந்தப் பையன் ஒரு காண்டிராக்டர். ரோடு போடும் காண்டிராக்டருக்குப் பில் பணம் கொடுக்கும்போது வரி பிடிக்கிறார்களே, அதே 194-சி பிரிவின்படி, இவனுக்குக் கொடுக்கும் கூலியிலும் நூற்றுக்கு ஒரு ரூபாய் பிடித்துச் சர்க்காரில் கட்டிவிடுகிறார்கள். வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் பிடித்தம் உண்டு. பான் கார்டு கொடுக்காவிட்டாலோ, பானை ஆதாருடன் இணைக்காமல் அது செயலற்றுப் போயிருந்தாலோ, ஒன்றுக்குப் பதிலாக இருபது ரூபாய் பிடிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. (இந்த 1961-ம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் செல்லும்படி 2025-ல் புதுச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். பிரிவுகளின் எண்களெல்லாம் அதில் வேறு. 2025-26 வரையிலான வருமானத்துக்குப் பழைய சட்டந்தான்.)

ஆகவே பையனுடைய முதல் கேள்விக்குப் பதில்: அவனிடம் பிடித்தது அவன் கொடுக்கவேண்டிய வரி அல்ல, முன்ஜாக்கிரதையாக எடுத்துவைத்த பணம். வருஷ முடிவில் வரி உண்டென்றால் அதில் கழித்துக்கொள்வார்கள். இல்லையென்றால் திருப்பிக் கொடுப்பார்கள். ஆனால் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்பதற்கு ஒரே வழி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்வது.

இவ்விடத்தில் எங்கள் ஊர்ச் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உபாத்தியாயர் புத்தி; நேயர்கள் மன்னிக்கவேண்டும். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கும்பெனியார் கைக்கு வந்தது. அதில் எங்கள் தர்மபுரியும் சேர்ந்தது. அலெக்ஸாண்டர் ரீட் என்ற ராணுவ அதிகாரியை வரி நிர்ணயம் செய்ய அனுப்பினார்கள். அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் சென்னைக் கவர்னரான தாமஸ் மன்றோ. மன்றோ ஏறக்குறைய ஏழு வருஷம் இந்தப் பக்கத்தில் இருந்தார். தர்மபுரியில் வீடும் தோட்டமும் போட்டுக்கொண்டு, கடைசியில் அதைவிட்டுப் போக வருத்தப்பட்டாராம். ஜமீன்தார் என்ற இடையாளை நீக்கி, ஒவ்வொரு குடியானவனோடும் சர்க்கார் நேரே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இந்தப் பாராமகாலில்தான் உருவெடுத்தது. அந்த முறையால் குடியானவன் பட்ட கஷ்டங்கள் அநேகம். வரி விகிதம் முதலில் மிக அதிகம். ஆனால் அவன் கைக்குப் பட்டா என்று ஒரு காகிதம் வந்தது. அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பின்னால் அவன் பேரன் கிணறு வெட்டக் கடன் வாங்கினான்.

வருமான வரி பிறந்த கதையிலும் சென்னை ராஜதானிக்கு ஒரு பங்கு உண்டு. 1860-ல் ஜேம்ஸ் வில்ஸன் இந்த வரியைக் கொண்டுவந்தபோது, சென்னைக் கவர்னராயிருந்த ஸர் சார்லஸ் டிரெவெலியன் பகிரங்கமாக எதிர்த்தார். அதற்காக அவரைச் சீமைக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வில்ஸனோ அந்த வருஷம் ஆகஸ்டு மாதத்திலேயே கல்கத்தாவில் காலமானார். எதிர்த்தவர் போனார், கொண்டுவந்தவரும் போனார், வரி மட்டும் இருக்கிறது!

திண்ணைக்குத் திரும்புவோம். பையன் கொண்டுவந்த காகிதங்களில் முக்கியமானது, வருமான வரி இலாகாவின் இணையதளத்திலிருந்து எடுத்த '26-ஏ.எஸ்.' என்ற படிவம். யார் எவ்வளவு கொடுத்தார்கள், எவ்வளவு வரி பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய அவனுக்குக் கொடுத்த தொகை 3,12,400 ரூபாய். பிடித்த வரி 3,124 ரூபாய். ஆனால் அவனுடைய பாங்கிப் புத்தகத்தைக் கூட்டினால் அவ்வளவு வரவில்லை.

"மீதியை யார் ஸார் சாப்பிட்டார்கள்?" என்றான், சற்றே கோபத்துடன்.

யாரும் சாப்பிடவில்லை. சாப்பாடு வாங்குகிறவர்களில் பலர் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள். அந்த ரொக்கம் ஹோட்டலுக்கும் கம்பெனிக்கும் சேரவேண்டியது. பையன் கையில் சில நாள் தங்குகிறது. வாரக் கூலி கணக்குப் பண்ணும்போது, அவன் கையில் நின்ற ரொக்கத்தைக் கூலியில் கழித்துக்கொண்டு மீதியைப் பாங்கியில் போடுகிறார்கள். ஆகையால் பாங்கியில் விழுந்தது குறைவு. கூலி என்னவோ முழுசாக வந்துவிட்டது. இதை அறியாமல், பாங்கியில் வந்த தொகையை மட்டும் வருமானமென்று எழுதுகிறவன் குறைத்து எழுதுகிறான். கையில் புரண்ட ரொக்கத்தையெல்லாம் வருமானமென்று நினைப்பவன் கூட்டி எழுதுகிறான். இரண்டும் பிசகு.

என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாம் கொடுக்கிற டிப்ஸ்கூட வருமானந்தானா?" என்று கேட்டாள். ஆம், அதுவும் வருமானந்தான். ஊக்கத் தொகையும் வருமானந்தான். "அடப் பாவமே!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சரி, 3,12,400 ரூபாய்க்கு வரி எவ்வளவு? 2024-25-ம் ஆண்டில் புதிய முறைப்படி மூன்று லட்சம் வரையில் வரியே இல்லை. ஏழு லட்சம் வரையில் வரி கணக்கிட்டாலும் அதைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள். 2025-26-ல் அந்த மூன்று லட்சம் நான்கு லட்சமாயிற்று. தள்ளுபடி பன்னிரண்டு லட்சம் வரை உயர்ந்தது. ஆகவே மோட்டார் சைக்கிளில் பொட்டலம் கொடுத்து வரி கட்டவேண்டிய நிலைக்கு ஒருவன் வருவது அபூர்வம். பையன் கொடுக்கவேண்டியது பூஜ்யம். வாங்கவேண்டியது 3,124 ரூபாய்.

அதை வாங்கியும்விட்டான்! முந்திய ஆகஸ்டு மாதத்திலேயே ஒரு பிரவுசிங் சென்டரில் ஐந்நூறு ரூபாய் கொடுத்துக் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறான். மூன்று வாரத்தில் பணம் பாங்கிக்கு வந்துவிட்டது. பிறகு என்ன குறை? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் எழுதி மாளமுடியாது என்பதற்காக, சட்டத்தில் 44-ஏ.டி. என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். மொத்த வரவில், பாங்கி வழியாக வந்ததற்கு நூற்றுக்கு ஆறும், ரொக்கமாக வந்ததற்கு நூற்றுக்கு எட்டும் லாபம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், புத்தகம் கேட்கமாட்டார்கள். 'சுகம்' என்று பெயரிட்ட நாலாம் எண் படிவம் இதற்காகவே ஏற்பட்டது. கமிஷன் தொழிலுக்கு இந்தப் பிரிவு செல்லாது; ஆனால் இவர்கள் பெறுவது கமிஷன் அல்ல, செய்த வேலைக்குக் கூலி; ஆகையால் செல்லும் என்பதே பெரும்பாலான ஆடிட்டர்களுடைய அபிப்பிராயம்.

பிரவுசிங் சென்டர்க்காரர் என்ன செய்தார்? 3,12,400-க்கு ஆறு சதவிகிதம் கணக்கிட்டு, 18,744 ரூபாய் லாபம் என்று போட்டுவிட்டார். மாதம் 1,562 ரூபாய்! வரி பூஜ்யம், பணம் திரும்பியாயிற்று, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்துப் பையன், ஒரு சிறிய சரக்கு வண்டி வாங்கலாம், பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றலாம் என்று ஆசைப்பட்டுப் பாங்கிக்குப் போனான். அவர்கள் வருமான வரிக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். மாதம் ஆயிரத்து ஐந்நூற்றறுபத்திரண்டு ரூபாய் சம்பாதிக்கிறவன் வண்டிக்குத் தவணை எப்படிக் கட்டுவான்? அவர்கள் கேட்டதில் பிசகில்லை. அவன் கையெழுத்திட்ட கணக்குத்தானே அப்படிச் சொல்லுகிறது!

ஆறு சதவிகிதம் என்று சட்டம் சொல்வது குறைந்தபட்சம். அதற்கு மேல் வாஸ்தவமாகச் சம்பாதித்திருந்தால் அதை எழுதவேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. சரக்கு வாங்கி விற்கும் மளிகைக் கடைக்காரருக்கு நூற்றுக்கு ஆறு லாபம் என்பது பொருத்தமாயிருக்கலாம். உடலையும் ஒரு வண்டியையும் மட்டும் முதலாகப் போட்டவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு செலவாகுமா? பெட்ரோலைக் குடித்தால்கூட ஆகாதே!

குறைத்து எழுதுவதால் வரி மிச்சமாகுமென்றால், அது தவறு என்றாலும் அதற்கொரு காரணமாவது உண்டு. இவனுக்கு 18,744 என்று எழுதினாலும் வரி பூஜ்யம். இரண்டரை லட்சம் என்று எழுதினாலும் பூஜ்யம். காலணா லாபமில்லாத ஒரு பொய்யை எழுதி, தன் கையிலுள்ள ஒரே காகிதத்தைக் கெடுத்துக்கொண்டான். சம்பளக்காரனுக்குச் சம்பளச் சீட்டு உண்டு. குடியானவனுக்குப் பட்டா உண்டு. கடைக்காரனுக்குக் கடையே உண்டு. இந்தக் கூட்டாளிக்கு, தான் இன்னது சம்பாதிக்கிறேன் என்று உலகத்துக்குச் சொல்ல இந்த ஒரு கணக்கைத் தவிர வேறென்ன இருக்கிறது?

"இப்போது என்ன ஸார் செய்வது?"

நல்ல வேளையாக நாளிருந்தது. 2024-25-ம் ஆண்டுக்குச் செய்த தாக்கலில் பிழை இருந்தால், 2025 டிசம்பர் 31-ம் தேதிக்குள் திருத்திய கணக்குக் கொடுக்கலாம். பணம் திரும்பி வந்துவிட்டாலும் திருத்தலாம். ஆனால் திருத்துவதற்கு முன் உண்மை தெரியவேண்டுமே! உண்மையில் அவனுக்கு என்ன செலவு? அவனுக்கே தெரியாது. "பெட்ரோலுக்கு ஏதோ போகும் ஸார்" என்றான். கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன்!

நோட்டுப் புத்தகம் இல்லை. ஆனால் அவனுடைய செல்போன் ஒரு நோட்டுப் புத்தகமாயிருந்தது. பங்கில் பெட்ரோல் போட்டதற்கெல்லாம் செல்போனிலேயே பணம் செலுத்தியிருக்கிறான். பன்னிரண்டு மாதத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அவன் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். பிற்பகல் மூன்று மணி வரை ஆயிற்று. பெட்ரோல் சுமார் 51,000 ரூபாய். டயர், செயின், பிரேக், ஆயில் மாற்றியது 9,000. வண்டி இன்ஷூரன்ஸ் 2,400. செல்போன் ரீசார்ஜ் 3,600. மழைக் கோட்டு, பெட்டி முதலியவை 2,000. ஆக 68,000. இதன்மேல் தேய்மானம் என்று ஒன்று உண்டு. மோட்டார் சைக்கிளுக்கு வருஷத்துக்கு நூற்றுக்குப் பதினைந்து. எண்பதாயிரம் ரூபாய் வண்டிக்குப் பன்னிரண்டாயிரம். எல்லாம் சேர்த்து 80,000. மிச்சம் 2,32,400 ரூபாய். மாதத்துக்குப் பத்தொன்பதாயிரத்துச் சில்லறை.

அந்த எண்ணைப் பார்த்ததும் பையன் சிறிது நேரம் பேசவில்லை. அவன் இத்தனை நாளும் மாதம் இருபத்தாறாயிரம் சம்பாதிப்பதாக எண்ணியிருந்தான். வீட்டிலும் அப்படியே சொல்லியிருந்தான். பாங்கியோ ஆயிரத்து ஐந்நூறு என்று எண்ணியிருந்தது. இரண்டும் வாஸ்தவமில்லை.

அவன் நிலை அபூர்வமானதல்ல என்பது பிறகு தெரிந்தது. 2025 டிசம்பர் மாதக் கடைசியில் இந்தத் தொழிலாளர்கள் பல ஊர்களில் வேலைநிறுத்தம் செய்ததும், ஜொமாட்டோவை ஸ்தாபித்த தீபிந்தர் கோயல் 2026 ஜனவரியில் ஒரு கணக்கு வெளியிட்டார். 2025-ல் மணிக்குச் சராசரி 102 ரூபாய். தினம் பத்து மணி வீதம் மாதம் 26 நாள் உழைத்தால் ஏறக்குறைய 26,500. பெட்ரோல், பராமரிப்புக்கு நூற்றுக்கு இருபது போனால் ஏறக்குறைய 21,000 என்பது அவர் சொன்னது. எங்கள் திண்ணைக் கணக்கில் செலவு நூற்றுக்கு இருபத்திரண்டாக வந்தது. தேய்மானத்தையும் சேர்த்தால் இருபத்தைந்தைத் தாண்டியது. வண்டி தேய்வதைக் கம்பெனியார் பராமரிப்பில் சேர்த்தாரோ, சேர்க்கவில்லையோ; வண்டி என்னவோ தேய்கிறது. பிடமனேரிக்கோ இலக்கியம்பட்டிக்கோ போய்ப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, நான்கு ரோட்டுக்குச் சும்மா திரும்பி வருகிறானே, அந்தத் திரும்புகாலுக்கும் பெட்ரோல் வேண்டும்.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்தோம். நாலாம் எண் படிவத்திலேயே, ஆறு சதவிகிதத்துக்குப் பதிலாக 2,32,400 என்ற உண்மையான தொகையை எழுதினோம். இலாகாவின் இணையதளத்தில் இதற்குக் கட்டணம் ஒரு காசு கிடையாது. பானும் ஆதாரும் இணைந்திருக்க வேண்டும். பாங்கிக் கணக்கை முன்னதாகச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். தாக்கல் செய்த முப்பது நாளுக்குள் ஆதாருடன் இணைத்த செல்போனுக்கு வரும் இரகசிய எண்ணைக் கொண்டு உறுதி செய்யவேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உறுதி செய்யாத கணக்கு, தபாலில் சேர்க்காத கடிதத்துக்குச் சமானம்.

இந்தத் தாக்கல் இவர்களுக்குக் கட்டாயமா என்று ஒரு வக்கீல் நண்பர் கேட்டார். வருமானம் விலக்கு வரம்புக்குள் இருந்தால் சாதாரணமாகக் கட்டாயமில்லைதான். காலம் தவறினாலும் அப்படிப்பட்டவருக்கு அபராதக் கட்டணம் கிடையாது. ஆனால் பிடித்த பணத்தைத் திரும்பப் பெறக் கெடு உண்டு. 2024-25-ம் ஆண்டுக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31-ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு இலாகாவுக்கு மனுப் போட்டுத் தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். மூவாயிரம் ரூபாய்க்காக யார் மனு எழுதிக்கொண்டிருப்பார்கள்? ஆகையால் அது சர்க்காரிலேயே தங்கிவிடுகிறது. 2020-21-ல் நம் தேசத்தில் இப்படிப்பட்ட உதிரி வேலைக்காரர்கள் எழுபத்தேழு லட்சம் பேர் என்றும், 2029-30-ல் இரண்டு கோடியே முப்பத்தைந்து லட்சமாவார்கள் என்றும் நீதி ஆயோக் 2022-ல் மதிப்பிட்டது. கேட்காமல் விட்ட ரூபாய்கள் எத்தனை சேருமென்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. எங்கள் பையனுடைய சிநேகிதனுக்கு ஓர் ஆசாமி டெலிபோனில், "உனக்கு நாற்பதாயிரம் ரீபண்டு வாங்கித் தருகிறேன், நாலில் ஒரு பங்கு எனக்கு" என்றானாம். பிடித்தது மூவாயிரம்; திரும்புவது எப்படி நாற்பதாயிரமாகும் என்று அவன் யோசித்ததால் தப்பினான். எல்லாரும் தப்பவில்லை. கொடுக்காத நன்கொடை, கட்டாத இன்ஷூரன்ஸ், வாங்காத கடனுக்கு வட்டி என்றெல்லாம் பொய்க் கழிவு காட்டி ரீபண்டு வாங்கிக் கொடுக்கும் தரகர்களின் மேல், 2025 ஜூலை 14-ம் தேதி வருமான வரி இலாகா நாடெங்கும் நூற்றைம்பது இடங்களில் சோதனை நடத்தியது. அதில் தமிழ்நாட்டின் பெயரும் அடிபட்டது. தரகர் எழுதினாலும் கையெழுத்து நம்முடையது. வட்டியும் அபராதமும் நம் தலையில்தான் விடியும். பான் கார்டையும் ரகசியச் சொல்லையும் அந்நியரிடம் கொடுப்பது, வெற்றுக் காகிதத்தில் ரேகை வைத்துக் கொடுப்பதற்கு ஒப்பானது.

மச்சான் பெயரில் உள்ள கணக்கில் தான் வண்டி ஓட்டுகிற வழக்கமும் ஆங்காங்கே இருக்கிறதென்று கேள்விப்பட்டேன். உழைப்பு இவனுடையது, பிடித்த வரியும் வருமானமும் மச்சானுடைய பானில் ஏறும். நாளைக்கு விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் மச்சானுக்கா இவனுக்கா என்று தகராறு வரும். உறவு கெடுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி தெரியவில்லை.

ஜி.எஸ்.டி. என்ற பூதத்தைப் பற்றியும் பையன் பயந்திருந்தான். பயப்பட ஒன்றுமில்லை. சேவைத் தொழிலில் வருஷ வரவு இருபது லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஹோட்டல் சாப்பாட்டின் மேலுள்ள வரியை 2022 ஜனவரி 1 முதல் கம்பெனியே வசூலித்துக் கட்டுகிறது. பதிவு செய்துகொள்ளாத ஆட்கள் பொட்டலம் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவைக்குரிய பதினெட்டு சதவிகிதத்தையும் 2025 செப்டம்பர் 22 முதல் கம்பெனியின் பொறுப்பாக்கிவிட்டார்கள். நம் பில்லில் அந்த வரியைப் பார்க்கும்போது, பையன் வாங்கிக்கொண்டு போகிறான் என்று எண்ண வேண்டாம்.

கொடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசினோமே, இவர்களுக்கு வருவது ஏதாவது உண்டா? 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் தங்கள் வருஷ வியாபாரத்தில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை இவர்களுடைய க்ஷேமத்துக்காகக் கொடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது; இவர்களுக்குக் கொடுக்கும் கூலியில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகவேண்டியதில்லை என்று வரம்பும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கென்று தனி நலவாரியம் 2023-ல் ஏற்பட்டது. மின்சார ஸ்கூட்டர் வாங்க இரண்டாயிரம் பேருக்குத் தலைக்கு இருபதினாயிரம் ரூபாய் மானியம் என்று 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். பெட்ரோலுக்கு ஐம்பத்தோராயிரம் போகிற கணக்கை எழுதிப் பார்த்தவனுக்குத்தான் அந்த மானியத்தின் அருமை தெரியும். வாரியத்தில் பதிவு செய்துகொண்டாயா என்று கேட்டேன். "அப்படி ஒன்று இருக்கிறதா ஸார்?" என்றான். அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை செலவாயிற்று.

திருத்திய கணக்கை எடுத்துக்கொண்டு மறுபடி பாங்கிக்குப் போனான். இப்போது அவர்கள் சிரிக்கவில்லை, உட்காரச் சொன்னார்களாம். ஆனால் ஒரு வருஷத்துக் கணக்கு போதாது, அடுத்த வருஷத்துக் கணக்கும் வேண்டும் என்றார்கள். அவன் முகம் வாடித்தான் வந்தான். எனக்கும் வருத்தந்தான். முந்திய இரண்டு வருஷமும் கணக்கே கொடுக்காமல் விட்டிருக்கிறான். அப்போது யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இப்போது தக்காளி வண்டி பாலக்கோட்டு ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்பில் கூட்டு வட்டி சொல்லிக் கொடுத்தேன். சதவிகிதம் சொல்லிக் கொடுத்தேன். உன் கூலியில் ஒரு சதவிகிதம் பிடிப்பார்கள், அதைக் கேட்டு வாங்கு என்று எந்தப் பாடத்திலும் நான் சொல்லவில்லை.

மார்கழியில் ஓர் இரவு மீண்டும் வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுவந்தவன், விளக்கு எரிவதைப் பார்த்து என்னிடம் வந்தான். மழைக் கோட்டின் உள்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நாற்பது பக்க நோட்டு ஒன்றை வெளியே எடுத்தான். தேதி, வரவு, பெட்ரோல், ரிப்பேர் என்று கோடு போட்டுப் பிரித்து, தினமும் எழுதியிருந்தான். அன்று காலையில் பஞ்சர் ஒட்டக் கொடுத்த எண்பது ரூபாயை ரிப்பேரில் எழுதுவதா, டயருக்குத் தனிக் கலம் போடுவதா என்று கேட்டான்.